பிள்ளைகள் கையில் வண்டிச் சாவி: சேலத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவள் அல்ல. கன்னங்குறிச்சியில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் சங்ககிரிக்காரர், இருபத்தைந்து வருடமாக லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் அவர் நாக்பூர் பக்கம் எங்காவது இருப்பார் என்பதால், பிள்ளைகள் இருவருக்கும் வண்டி பழக்கும் வேலை பெரும்பாலும் என் தலையில் விழுந்தது. மகனுக்கு இப்போது 20, மகளுக்கு 18 முடிந்துவிட்டது. எங்கள் தெருவிலும் மகள் படித்த பள்ளியின் பெற்றோர் வட்டத்திலும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்து, இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் என்று நான் சொல்வதெல்லாம் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அதன் விதிகளிலும் இருப்பது. மற்றதெல்லாம் எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டது.

பையனுக்குப் பதினேழு முடியப்போகிறது. டியூஷன் இரண்டு தெரு தள்ளித்தான். ஸ்கூட்டியை எடுத்துப் போகட்டுமா?

வேண்டாம். நானே ஒருமுறை இதற்குத் தப்பான பதில் சொல்லி மாட்டிக்கொண்டவள், அதனால்தான் இவ்வளவு வெடுக்கென்று சொல்கிறேன்.

மகன் பிளஸ் டூ படித்த வருடம். "அம்மா, கடைக்குத்தானே, வண்டில போயிட்டு வந்துடறேன்" என்பான். தோசை மாவு, கொத்தமல்லிக் கட்டு, அரை லிட்டர் பால். கதவோரத்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கொடுத்தது நான்தான். மாவு வாங்கப் போன வண்டி ஒரு மாதத்தில் டியூஷனுக்கும் போக ஆரம்பித்தது. நான் கேட்கவில்லை. காலை நேரத்தில் எனக்கும் அது வசதியாக இருந்தது, அதுதான் உண்மை. மூன்றாவது மாதம், வீடு கட்டும் இடத்தில் ரோட்டில் பாதியை அடைத்துக் கொட்டியிருந்த எம்-சாண்ட் மேல் போய் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துவிட்டான். மணிக்கட்டு எலும்பில் விரிசல். வலது கை. பொதுத்தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. எதிரில் ஆள் யாரும் வராமல் போனது எங்கள் நல்ல நேரம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால், உங்கள் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்ற தைரியமும் பாதிதான். அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்த பணத்தை, லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான் என்று காட்டி வண்டிக்காரரிடமே திரும்ப வசூலிக்க வழி இருக்கிறது.

அன்றைக்கே ஆணியைப் பிடுங்கிவிட்டேன். சாவி இப்போது என் பீரோவில்.

ஆனால் 16 வயதிலேயே லைசென்ஸ் தருகிறார்களே?

தருகிறார்கள். பெற்றோர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் கிடைக்கும். ஆனால் அது கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். எங்கள் மாமனாரிடம், பிள்ளைகளுக்கு அப்பாரு, ஒரு பழைய டி.வி.எஸ். 50 இருந்தது. அந்த மாதிரி வண்டியை மனதில் வைத்து எழுதின விதி. இப்போது வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்கள் எல்லாம் 110, 125 சிசி. பால்காரர் ஓட்டும் எக்ஸ்.எல். கூட கிட்டத்தட்ட 100 சிசி. ஆகவே 16 வயது லைசென்ஸை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு வண்டியை ஓட்டினால் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டின கணக்குத்தான்.

பேட்டரி ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று கடையில் சொன்னார்கள்.

எல்லா பேட்டரி வண்டிக்கும் அப்படி இல்லை. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் அது சட்டத்தின் கண்ணில் மோட்டார் வண்டி ஆகாது. அதற்கு மேல் போகும் எதுவும் பெட்ரோல் வண்டி மாதிரியேதான்: பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். வண்டியில் பச்சை நம்பர் பிளேட் மாட்டித் தருகிறார்கள் என்றாலே அது பதிவு செய்த வண்டி, லைசென்ஸ் தேவை என்று புரிந்துகொள்ளுங்கள். 25-இல் போகிறதே என்று ஹெல்மெட்டை விட்டுவிடவும் வேண்டாம். தார் ரோட்டுக்கு அது தெரியாது.

பதினெட்டு ஆகும் வரை எதுவுமே கற்றுக்கொடுக்கக் கூடாதா?

நிறையக் கற்றுக்கொடுக்கலாம். சைக்கிளில் சிக்னலுக்கு நிற்கக் கற்ற பிள்ளை ஸ்கூட்டரிலும் நிற்கும். பின் சீட்டில் உட்கார வைத்துப் போகும்போது, "அந்த ஆட்டோ இப்ப என்ன செய்யும், சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டுக்கொண்டே போகலாம். என் மகள் பதினைந்து வயதிலேயே, முன்னால் போகும் ஆட்டோவின் முன் சக்கரம் லேசாகத் திரும்புவதைப் பார்த்து, "அம்மா, நிப்பாட்டப் போறாரு" என்பாள்.

இன்னொன்றும் உண்டு, சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள். ஸ்கூட்டரின் முன்பக்கம் நின்றுகொண்டு வந்த காலத்திலிருந்தே பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நான்கு ரோட்டில் யு-டர்ன் தூரம் என்று ராங் சைடில் நூறு அடி போனது, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனைச் செருகிக்கொண்டு பேசினது, போலீஸ் நிற்கிறாரா என்று பார்த்து ஹெல்மெட் மாட்டினது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். என் மகனிடம் ராங் சைடு போகாதே என்றபோது, "நீ போவியே" என்றான். அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டேன். அதன்பிறகு யு-டர்ன் வரைக்கும் போய்த்தான் திரும்புகிறேன்.

எல்.எல்.ஆர். வாங்கியாச்சு. இப்போது தனியாக ஓட்டலாமா?

முடியாது. எல்.எல்.ஆர். என்பது பழகுவதற்கான அனுமதி. ஆறு மாதம் செல்லும். வாங்கி 30 நாள் கழித்துத்தான் லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம். அதுவரை, லைசென்ஸ் உள்ள ஒருவர் வண்டியைக் கட்டுப்படுத்தக்கூடிய இடத்தில் கூடவே இருக்க வேண்டும், வெள்ளை அட்டையில் சிவப்பு 'எல்' முன்னும் பின்னும் இருக்க வேண்டும். இரு சக்கர வண்டியில் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. தங்கச்சியைப் பள்ளியில் இறக்கிவிட்டு வா என்று அனுப்புவதும் இந்த விதிப்படி தப்பு.

எங்கே வைத்துப் பழக்குவது? டிரைவிங் ஸ்கூலா, நாமா?

காருக்கு டிரைவிங் ஸ்கூல் நல்லது, அவர்கள் பக்கம் ஒரு பிரேக் இருக்கும். ஆனால் அவர்கள் டெஸ்டில் பாஸாக வைப்பார்கள், அவர்கள் வேலை அதுதான். எட்டு போடக் கற்றுக்கொடுப்பார்கள். மழை பெய்து முடிந்த மாலையில் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் எப்படி நுழைவது என்பதற்கு அவர்களிடம் நேரம் இருக்காது. அது நம் வேலை.

இடம் என்றால், ஊரைச் சுற்றிலும் சைட் போட்டு, தார் ரோடு மட்டும் போட்டு, வீடு எழும்பாத நகர்கள் எத்தனையோ இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே நாயும் மயிலும்தான். எல்.எல்.ஆர். கையில் இருக்கட்டும், அதுவும் ரோடுதான்.

அங்கே நாங்கள் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன், செலவில்லாதது. ரோட்டோரம் ஒரு செங்கல் வைத்தேன். மகள் ஸ்கூட்டரில் 20-இல் வந்து, செங்கல்லைத் தொடும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து செங்கல் வரை நடந்து எண்ணினாள்: ஐந்து தப்படி. அடுத்தது 40-இல். எவ்வளவு வரும் என்று முதலில் அவளைச் சொல்லச் சொன்னேன். வேகம் இரண்டு மடங்கு, அதனால் பத்து என்றாள். எண்ணிக்கொண்டே வந்தாள். பதினெட்டு தப்படி. மறுபடியும் எண்ணினாள், நம்பாமல். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது அவள் பிசிக்ஸ் புத்தகத்தில் இருந்ததுதான், ஆனால் காலால் அளந்தபோதுதான் முகம் மாறியது. பிரேக் பிடிக்கத் தோன்றுவதற்கே ஒரு விநாடி போய்விடும். 40-இல் அந்த ஒரு விநாடிக்குள் வண்டி 11 மீட்டர் போயிருக்கும், 60-இல் கிட்டத்தட்ட 17.

இதைக் காய்ந்த, நேரான, மணல் இல்லாத ரோட்டில் மட்டும் செய்யுங்கள். ஹெல்மெட்டோடு. முதலில் மெதுவாக நாலைந்து தடவை.

லைசென்ஸ் வந்துவிட்டது. இனி அவன் பாடு என்று விட்டுவிடலாமா?

எங்கள் அனுபவத்தில் இந்த இடத்தில்தான் எல்லாரும் தப்பு செய்கிறோம். லைசென்ஸ் வருவதற்கு முன்னால் ஆயிரம் பயம், வந்த மறுநாள் வண்டி முழுசாகப் பிள்ளையுடையது. அந்த அட்டையைக் கொடுப்பவர், அன்றைக்கு அந்த மைதானத்தில் அந்த எட்டை ஒழுங்காகப் போட்டான் என்றுதான் சொல்கிறார். இருட்டு, மழை, பின்னால் நண்பன், முன்னால் பஸ் எல்லாம் அவருடைய மைதானத்தில் இல்லை.

அதனால் நாங்கள் மகளுக்கு ஒவ்வொரு கதவாகத் திறந்தோம். முதல் மாதம் பகலில் மட்டும், தெரிந்த வழியில் மட்டும்: கன்னங்குறிச்சியிலிருந்து கோரிமேடு, அஸ்தம்பட்டி, திரும்பி வீடு. பின் சீட்டில் யாரும் கிடையாது, நான் தவிர. இரண்டாவது மாதம் பழைய பஸ் ஸ்டாண்டு, கடைவீதி நெரிசல். அதில் வேகமே கிடையாது, ஆனால் தள்ளுவண்டி, குறுக்கே வரும் பாட்டி, திடீரென்று கதவு திறக்கும் கார் என்று கண்ணுக்கு வேலை ஓயாது. செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை இறக்கும் லாரிகளுக்கு நடுவில் ஓட்டிப் பழகினவள் வேறெங்கும் பதற மாட்டாள். அப்புறம் ஐந்து ரோடு. மேம்பாலத்துக்கு மேலே போவதா கீழே போவதா என்று கடைசி நிமிடத்தில் முடிவு செய்து வெட்டுகிறவர்கள் அங்கே ஏராளம். வழி தவறினால் தவறட்டும், அடுத்த திருப்பத்தில் வந்துகொள்ளலாம், வெட்டாதே என்பதை மட்டும் அங்கே சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் தவறித்தான் போனாள். பத்து நிமிடம் சுற்றி வந்தோம், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இருட்டு நான்காவது மாதம்தான். எதிரில் வருபவர் ஹை பீமில் வந்தால் அவர் விளக்கைப் பார்க்காமல் ரோட்டின் இடது ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் வாயால் சொன்னால் ஏறாது, கூட உட்கார்ந்து போனால் ஏறும். நண்பர்களை ஏற்றிக்கொள்வது எல்லாவற்றுக்கும் கடைசி. தனியாகப் போகும்போது சாதுவாக ஓட்டும் பையன், பின்னால் சிநேகிதன் ஏறினதும் வேறு ஆளாகிவிடுவான். அது அவன் குணக்கேடு அல்ல, அந்த வயது.

பக்கத்தில் உட்கார்ந்தாலே சண்டை வருகிறது.

எங்கள் வீட்டிலும் வந்தது. மகன் காரில் பழகியபோது நான், "பார்த்து, பார்த்து!" என்று கத்துவேன், இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பேன். ஒரு நாள் கோரிமேட்டில் வண்டி ஆஃப் ஆகி, பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, நானும் சேர்ந்து கத்த, அவன் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தே போய்விட்டான்.

வீட்டுக்காரர் ஊருக்கு வந்தபோது அவர் கூட உட்கார்ந்த விதத்தைப் பார்த்தேன். அவர் பேசவே இல்லை. அவனைப் பேசச் சொன்னார். "கண்ணுல படறதையெல்லாம் சொல்லிக்கிட்டே ஓட்டு சாமி" என்றார். அவனும் ஆரம்பித்தான்: "பஸ் நிக்குது, முன்னாடியிருந்து ஆள் வரலாம். பந்து உருளுது, குழந்தை வரும். அந்த பைக்குக்காரர் திரும்பிப் பாக்கறாரு, வலது பக்கம் போகப் போறாரு." அவன் சொல்லாமல் விட்டது எதுவோ அது மட்டும் அப்பாவுக்குப் போதும். "அந்த நாயைச் சொல்லலியே" என்பார், அவ்வளவுதான். பார்த்தானா பார்க்கவில்லையா என்று நாம் தவிக்க வேண்டியதில்லை, கத்தவும் வேண்டியதில்லை. நீங்களும் செய்து பாருங்கள். முதல் நாள் வெட்கப்படுவார்கள்.

திட்ட வேண்டியது இருந்தால் வண்டி நின்ற பிறகு. அதுவும் அன்றைக்கு ஒன்று மட்டும்.

ஹெல்மெட் போட்டால் முடி கொட்டுகிறது, காது கேட்பதில்லை என்கிறாள்.

கொட்டட்டும். நான்கு வயதுக்கு மேல் யார் வண்டியில் இருந்தாலும், பின்னால் உட்கார்ந்திருந்தாலும், ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். போடாவிட்டால் 1,000 ரூபாய், லைசென்ஸையும் மூன்று மாதம் நிறுத்தலாம். ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரோட்டோரம் விற்கும் சட்டிக்கு அது இருக்காது. பிள்ளையைக் கூட்டிப் போய், தலையில் மாட்டி, பட்டையைப் போட்டு, பின்னாலிருந்து தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் அளவு தப்பு. பட்டை போடாத ஹெல்மெட் நமக்கு முன்னால் ரோட்டில் உருண்டு போகும். உள்ளே ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டால் வியர்வை தீர்ந்தது.

நண்பர்களோடு ஏற்காடு போக வேண்டுமாம். அனுப்பலாமா?

சேலத்தில் பிள்ளை வளர்த்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. லைசென்ஸ் வந்த வாரமே வரும். மலை வீட்டு வாசலில் நிற்கிறது, முப்பது கிலோமீட்டர்தான், எல்லாரும் போகிறார்கள்.

முதல் தடவை உங்களோடு போகட்டும். ஏறுவது பெரிய விஷயம் இல்லை. ஏறும்போது வண்டியே சொல்லும், முக்கும், கியரைக் குறைக்கச் சொல்லும். ஆபத்து இறங்கும்போதுதான். அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது முழு வழியும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது.

"எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லயே இறங்கோணும்" என்பது லாரிக்காரர்களின் பழைய பேச்சு. என் வீட்டுக்காரர் மகனைக் காரில் கூட்டிப்போய் வேண்டுமென்றே முதல் ஐந்தாறு வளைவை அவன் இஷ்டத்துக்கு இறங்கவிட்டார். மூன்றாவது கியர், காலெல்லாம் பிரேக்கில். அகலமான ஓரம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். இறங்கியதுமே ஒரு கருகல் வாசனை, அயர்ன் பாக்ஸைத் துணி மேல் மறந்து வைத்துவிட்டது மாதிரி. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோகச் சொன்னார், தொடாமல். ஒரு சாண் தள்ளியே கையை இழுத்துக்கொண்டான். "இன்னும் பதினாலு வளைவு பாக்கி இருக்குது" என்றார். தண்ணீர் ஊற்றட்டுமா என்று நான் பாட்டிலைத் திறந்தேன். வேண்டாம், திடீரென்று குளிர்ந்தால் டிஸ்க் கோணிவிடும், தானாக ஆறட்டும் என்று சொல்லி, இருபது நிமிடம் அங்கேயே உட்கார வைத்தார். மீதி வழி இரண்டாவது கியரில், என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள, வளைவுக்கு முன்னால் மட்டும் அழுத்தி விடும் ஒரு பிரேக். கீழே வந்து முகர்ந்து பார்த்தோம். ஒன்றுமில்லை.

இதிலிருந்து ஸ்கூட்டர் பற்றியும் ஒன்று புரியும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு என்ஜின் பிடிப்பு மிகக் குறைவு, முழுப் பாரமும் பிரேக் மேல்தான். அதில் இரண்டு பேர் ஏறிக்கொண்டு மலை இறங்குவதை நான் அனுமதிப்பதில்லை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலிலோ, என்ஜினை அணைத்துவிட்டோ உருட்டிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். என்னத்தைச் சொல்வது.

இன்னும் சில. குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் நின்று கொடுக்க வேண்டும். அது மரியாதை இல்லை, விதி. கொண்டை ஊசியில் பஸ் வந்தால் அதற்கு ரோடு முழுவதும் தேவைப்படும். வளைவுக்குள் போய் மாட்டிக்கொள்ளாமல் முன்பே நின்றுவிட வேண்டும். திருப்பத்துக்கு முன் ஹாரன். பனி இறங்கினால் லோ பீம். ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். குரங்குக்குப் பழம் போட வளைவிலேயே காரை நிறுத்துகிற வெளியூர்க்காரர்கள் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தே திரும்ப வேண்டும். கோடை விழா சமயத்தில் பழகாதவர்கள் போகவே வேண்டாம். ஏற்காட்டுக்குப் போகும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியிலும் இதே கதைதான், கூட்டம் குறைவு என்பதால் வேகம் கூடிவிடும்.

தினமும் ஓட்டுகிறவர்களுக்கே மலை சறுக்கும். 2024 ஏப்ரல் கடைசியில் ஏற்காட்டிலிருந்து இறங்கிய தனியார் பஸ் ஒன்று 13-ஆவது வளைவில் சுவரை உடைத்துக்கொண்டு கீழே இருந்த ரோட்டில் விழுந்தது, உயிர்கள் போயின. அதன்பிறகு கொஞ்ச நாள் யாரும் மலைக்குப் போகிறேன் என்று கேட்கவில்லை. பிறகு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பைபாஸ் ரோடு?

வேண்டியிருந்தால் மட்டும், ஆறு மாதத்துக்குப் பிறகு. சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி சந்திப்புகளில் ஊர் வண்டியும் பெங்களூர், கோவை, மதுரை லாரியும் ஒன்றாகக் கலக்கின்றன. லாரிக்காரர் மனைவியாக நான் சொல்வது: லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் உன்னைத் தெரியாது. இடது பக்கம் ஒட்டிப் போகவே கூடாது. லாரி இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியில் வராது, உள்ளே வெட்டி வரும். நின்றுகொண்டிருக்கும் லாரியில் ஏற வைத்து, டிரைவர் சீட்டில் உட்கார வைத்துக் காட்ட முடிந்தால் காட்டுங்கள். என் மகள் ஏறிப் பார்த்துவிட்டு, கீழே நின்ற தம்பியை, சித்தி பையனை, காணோம் என்றாள். அவன் இடது முன் மூலையில் கையாட்டிக்கொண்டுதான் நின்றான்.

தர்மபுரிப் பக்கம் தொப்பூர் கணவாயில் இரு சக்கர வண்டியில் போகிற வேலை எந்தப் பிள்ளைக்கும் இல்லை. பஸ் இருக்கிறது.

பொம்பளைப் பிள்ளைக்குக் கார் எதற்கு?

அவள் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் ராத்திரி இரண்டு மணிக்கு யார் ஓட்டுவது?

200 சிசி பைக் கேட்கிறான். இல்லாவிட்டால் கல்லூரிக்குப் போக மாட்டானாம்.

டவுன் பஸ் போகிறது. முதல் ஒரு வருடம் வீட்டு வண்டி, 110 சிசி. ஒரு கீறல், ஒரு அபராதச் சீட்டு இல்லாமல் ஓட்டிக் காட்டினால் அப்புறம் பேசலாம். எங்கள் வீட்டில் மகன் அந்த ஒரு வருடம் முடிந்ததும் பைக்கைக் கேட்கவே இல்லை, லேப்டாப் கேட்டான். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். வாங்கிக் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஏ.பி.எஸ். (திடீரென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ளதாகப் பாருங்கள். பெட்ரோலும் பஞ்சரும் அவன் செலவுப் பணத்திலிருந்து.

நண்பன் குடித்திருந்து, அவன் வண்டியில் ஏற வேண்டி வந்தால்?

இதற்கு முன்கூட்டியே ஒரு வாக்குக் கொடுத்து வையுங்கள். "எங்க இருந்தாலும், எந்நேரமானாலும் கூப்பிடு கண்ணு. நானோ ஆட்டோவோ வரும். அன்னிக்கு ஒரு கேள்வி கேக்க மாட்டேன்." கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம். ஒரு தடவை கேட்டுவிட்டால் அடுத்த தடவை அழைப்பு வராது. மகன் ஒரு முறை இரவு பதினொன்றரைக்கு ஜங்ஷன் பக்கத்திலிருந்து கூப்பிட்டான். போனேன், ஏற்றிக்கொண்டேன், வந்து தோசை சுட்டுப் போட்டேன். என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கிறேன்.

ஏதாவது விபத்து நடந்துவிட்டால் பிள்ளை என்ன செய்ய வேண்டும்?

ஓடக் கூடாது. அதை லைசென்ஸ் வரும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் முதலில் தோன்றுவது ஓடத்தான். 108-ஐக் கூப்பிட வேண்டும், அடிபட்டவரை மருத்துவமனைக்குச் சேர்க்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும். சட்டம் ஓட்டுநருக்கு விதித்திருக்கும் கடமை இது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். பணம் இருக்கிறதா என்று யோசித்து நேரத்தைக் கடத்த வேண்டியதில்லை. வேறு யாரோ அடிபட்டுக் கிடந்தாலும் நின்று உதவலாம். உதவினவரைச் சாட்சி சொல் என்று கட்டாயப்படுத்த முடியாது.

ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூன்றும் போனில் டிஜிலாக்கரில் இருக்கட்டும்.

கிளம்பிப் போன பிறகு மனசு அடித்துக்கொள்கிறது. நடுவில் போன் செய்து கேட்கலாமா?

செய்யாதீர்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது அம்மா என்று பெயர் வந்தால் எந்தப் பிள்ளைக்கும் எடுக்கத்தான் தோன்றும். 40-இல் போகிறவள் போனை இரண்டு விநாடி பார்த்தால் 22 மீட்டரைப் பார்க்காமல் கடந்திருப்பாள். போய்ச் சேர்ந்து, ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்த பிறகு அவளே ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டு ஏற்பாடு அதுதான்.

மகள் முதல் தடவை தனியாக ஸ்கூட்டரில் கருப்பூர் கல்லூரிக்குப் போன அன்று ஒன்பது பத்துக்கு மிஸ்டு கால் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒன்பதரைக்கும் இல்லை. நான் ஒரு கையில் போனும் இன்னொரு கையில் கரண்டியுமாக அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். குழம்பு அடிபிடித்துவிட்டது. ஒன்பது நாற்பதுக்கு வந்தது.

சாயங்காலம் கேட்டேன். "நிழல்ல நிறுத்த இடம் தேடிட்டிருந்தேம்மா, சீட்டு சுடும்ல" என்றாள்.